யாரையும் நம்பாத சின்ன புரோகிராம்

வினோத்துக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும், இது மலர் எழுதுவது. ரவிக்கை அளவு கொடுக்க வந்த பெண்ணைக் கூடத்தில் உட்காரவைத்துப் பேனாவைக் கையில் கொடுத்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு என்மேல் கோபம். எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. யாராவது ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த ஒருவர் இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியவராக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஐப்பசியில் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளைவிட அதற்குப் பொருத்தமான ஆள் யார் இருக்கிறார்கள்? போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் உன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நேரில் சொன்னால் "உனக்குப் புரியாது நைனா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு அம்பத்தூர் ரூமுக்குக் கிளம்பிவிடுகிறாய். காகிதத்திடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

திங்கட்கிழமை உன் மேனேஜருக்கு நீ ஒரு பதில் சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் நின்று நீ பேசியதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள். "ரெண்டாவது ரூம எடுத்துட்டா ரிஸ்க் சார்" என்றாய். அவர் என்னவோ சொன்னார். பிறகு, "பாக்கறேன் சார், மண்டே சொல்றேன்" என்றாய். மாட்டேன் என்கிறவன் அங்கேயே மாட்டேன் என்று சொல்லியிருப்பான். அன்றைக்கு நீ கொண்டுவந்த மைசூர்பாகில் ஒரு துண்டுகூட நீ வாயில் வைக்கவில்லை. மேனேஜர் கொடுத்தது, டீம் லீடர் ஆக்கப் போகிறார்களாம் என்றாய். சந்தோஷமான செய்தியைச் சொல்கிற முகமா அது? அம்மா கேட்டதற்குப் பல் வலி என்றாய். பல் வலிக்காரன் எதிர்வீட்டில் கொடுத்த முறுக்கை நறுக் நறுக்கென்று தின்றதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மலருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததாக இருந்தாலும் பொறுத்துக்கொள். உன் அம்மாவின் தம்பி சேகர் குமணன்சாவடி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். கேஸ் வண்டியைக் கொடுத்துவிட்டு பேட்டரி ஆட்டோ வாங்கியது நீ சொல்லித்தான். அந்த வண்டிக்குள் உட்கார்ந்து மோட்டாரை ஓட்டுகிற போர்டு உங்கள் கம்பெனியில் செய்வது, நீயும் அங்கேதான் புரோகிராம் எழுதுகிறாய். "என் மருமவன் செஞ்ச வண்டி" என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் பேச்சை நம்பி இன்னும் சிலர் அதே வண்டியை எடுத்தார்கள்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டில் எல்லா வண்டியும் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி நின்றது. நானும் போயிருந்தேன். பூஜையில் வண்டியை எப்படி எடுப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைப் போட்டு, பழம் நசுங்குகிற அளவுக்கு நகர்த்தி, உடனே நிறுத்திவிட வேண்டும். அன்றைக்கு வண்டிக்கு ஓய்வு. கேஸ் வண்டிகள் அப்படியே செய்தன. பேட்டரி வண்டிகளில் சாவி போட்டால் வேகம் காட்டுகிற திரை இருட்டாகவே இருந்தது. கற்பூரம் அணையப் போகிறது, பூசாரி வேறு, "நல்ல நேரம் போய்கினு கீது, சட்டுனு எடுங்கப்பா" என்று விரட்டுகிறார். சாவியைப் போடுவதும் நிறுத்துவதும் மறுபடி போடுவதுமாக ஆளாளுக்குத் திருகினார்கள். சேகர் வண்டியில் அவன் கூட்டாளி சாவியோடு உட்கார்ந்திருந்தான். சேகர் முன்சக்கரத்தருகே குந்தி, உருண்டுபோன பழத்தைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தான். செத்துக் கிடந்த வண்டி திடீரென்று கண்ணைத் திறந்து, ஆக்சிலேட்டரை யாருமே தொடாதபோது, ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. சேகரின் வலது கைமேல் சக்கரம் ஏறி நின்றது. இரண்டு விரல் போயிற்று. போயிற்று என்றால் இருக்கிறது, மடங்காது. ஒருத்தன், "ரத்தம் பாத்துடுச்சி அண்ணாத்தே, திருஷ்டி கழிஞ்சிச்சி, இனிமே ஒண்ணும் வராது" என்றான். மற்ற பேட்டரி வண்டிகள் எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் மாலையும் சந்தனமுமாக அவற்றை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது கண்ணிலேயே நிற்கிறது.

ஆஸ்பத்திரிக்கு நீ ஓடி வந்தாய். சேகர் கையில் கட்டோடு படுத்திருந்தான். நீ வலிக்கிறதா என்று கேட்கவில்லை. ஐயோ மாமா என்று சொல்லவில்லை. "எத்தினி வாட்டி மாமா சாவியத் திருப்புனீங்க?" என்று கேட்டாய். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்றும் தெரியாதவன் என்ன ஆச்சு என்று கேட்பான். சாவியை எத்தனை தடவை திருப்பினாய் என்று கேட்கிறவனுக்கு, திருப்பினால் என்ன ஆகும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இதை இன்றுவரை உன்னிடம் நான் கேட்கவில்லை. இப்போதும் எனக்குப் பதில் வேண்டாம். சொல்வதானால் சேகரிடம் சொல்.

உங்கள் கம்பெனி, டிரைவர்கள் தப்பாகக் கையாண்டார்கள் என்று சொல்லிவிட்டது. நீ மட்டும் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு பருக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தாய். நான்தான் கிண்டினேன்.

"இன்னாடா அது, கம்முனு கெடந்துச்சி, திடீர்னு பாஞ்சிச்சி?"

"சாவி போட்டதும் மொதல்ல முழிக்கறது ஒரு சின்ன புரோகிராம் நைனா. பூட்லோடர்னு பேரு. லைட்டு, ஆரன், மோட்டாரு எல்லாத்துக்கும் முன்னாடி அதுதான் எழுந்திருக்கும். அது பாத்து, சரி, எழுந்திருன்னு சொன்னாதான் வண்டிய ஓட்டற பெரிய புரோகிராம் எழுந்திருக்கும்."

"அப்ப அது தூங்கிடுச்சா?"

"தூங்கல. நம்பிடுச்சி."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு நீ சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. ஞாபகம் ஒன்றுதானே எனக்குக் காகிதம். வண்டிக்கு அவ்வப்போது புது புரோகிராம் போனுக்கு வருகிற மாதிரி காற்றிலேயே வருமாம், பூஜைக்கு முதல் நாள் ராத்திரிதான் ஒன்று வந்திருந்ததாம். அடுத்த தடவை சாவி போடும்போது இந்தச் சின்னது பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதுமாம். எழுதி முடிக்கும்வரை வண்டி அசையாது. பாதியில் சாவியை நிறுத்தினால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அது போதாதென்று, வந்தது தன் அளவு இவ்வளவு என்று சொன்னதை இந்தச் சின்னது அளந்துகூடப் பார்க்கவில்லை. ஆவடிக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் இன்னும் ஒரே ஒரு ஆள் என்று ஏற்றுவானே, அப்போது ஓரத்தில் இருக்கிறவன் பாதி வெளியே தொங்குவான். அப்படி, புதியது தன் இடத்தைத் தாண்டிப் பக்கத்து இடத்தின்மேல் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பக்கத்து இடத்தில்தான், ஆக்சிலேட்டர் எங்கே இருந்தால் வண்டி சும்மா நிற்க வேண்டும் என்கிற குறிப்பு இருந்ததாம். அது அழிந்தது. அரையும் குறையுமாக இருந்ததைச் சரிபார்க்காமலே இந்தச் சின்னது எழுப்பிவிட்டது. எழுந்தது சேகர் கைமேல் ஏறியது.

"இனிமே அது உன்ன மாதிரி இருக்கணும் நைனா. ஒண்ணும் படிக்கத் தெரியாது, ஆனா யாரையும் நம்பாது" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பழைய கோபமும் இருந்தது. உன் ரேங்க் கார்டை நீ எனக்குப் படித்துக் காட்டியதும் அதே கார்டை எதிர்வீட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். "நான் பொய்யா சொல்றேன்?" என்று நீ அழுதிருக்கிறாய். ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்கு நான் சொன்னதில்லை. நான் பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊரிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. டீக்கடைக்காரர் வாங்கிப் படித்தார். எல்லாரும் சௌக்கியம், பொங்கலுக்கு வரவும் என்றார். நான் ஷிப்டுக்குப் போய்விட்டேன். வேலை முடிந்து வெளியே வந்தபோது அவரே கேட் அருகில் நின்றுகொண்டிருந்தார். "மனச தேத்திக்க. உங்கம்மாவுக்கு ரொம்ப முடியலியாம். மெஷினாண்ட நிக்கப்போற ஆளாச்சே, முடிச்சிட்டு வரட்டும்னு பாத்தேன்" என்றார். ஊருக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. நல்ல மனசில்தான் மாற்றிப் படித்தார். அதனால் கெட்டவர்களைப் பார்த்து வருகிற சந்தேகத்தைவிட நல்லவர்களைப் பார்த்து வருகிற சந்தேகம் எனக்கு அதிகம். அன்றுமுதல் எந்தக் காகிதத்தையும் இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். முதல் ஆள் என்ன படித்தார் என்று இரண்டாவது ஆளுக்குத் தெரியக் கூடாது. இந்தக் கடிதத்துக்கும் அதே கதிதான். மலர் நிமிர்ந்து பார்க்கிறாள். பார்க்கட்டும்.

வெயில் காலத்தில் புதிய சின்ன புரோகிராமைச் செய்து முடித்து, சேகர் வண்டியில் ஏற்றி, நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய். சாவியை என்னிடம் கொடுத்தாய். புதிதாக வருவது இப்போது போர்டுக்குள் தனியாக ஒதுக்கிய இரண்டாவது அறையில் போய் உட்காருகிறது, பழையதை யாரும் தொடுவதில்லை என்றாய். முதலில் அளவு பார்க்கும், இடம் கொள்ளாது என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எழுதியதைத் திருப்பிப் படித்து, வந்ததோடு ஒத்துப் பார்க்கும். ஒத்துப்போனால்தான் இனிமேல் இதை எழுப்பு என்று குறி வைக்கும். புதியது ஒழுங்காக ஒரு தடவை ஓடிக் காட்டும்வரை பழையது அப்படியே இருக்கும். நான், "அந்தக் குறி வெக்கசொல்லவே ஒருத்தன் சாவிய நிறுத்துனா?" என்றேன். "ரெண்டு குறி நைனா. ஒண்ணு கெட்டா இன்னொண்ணு." "ரெண்டும் கெட்டா?" "பழசத்தான் எழுப்பும்." "பழசும் கெட்டா?" சேகர் குறுக்கே வந்தான். "மாமே, உன்னக் கட்டிக்கினு எங்கக்கா எப்டி இத்தினி வருசம் குடும்பம் நடத்துச்சி?" நீ சிரிக்கவில்லை. "எல்லாம் கெட்டா வண்டி எழுந்திருக்காது, நவுரவும் நவுராது. நின்ன எடத்துல நிக்கும்" என்றாய். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அப்புறம் கை வலிக்கிறவரை திருகினேன். "இன்னும் கெட்ட நேரமாப் பாத்து நிறுத்து நைனா" என்று நீயே சொன்னாய். தாமதமாக எழுந்ததே தவிர, ஒரு தடவையும் தவறாக எழவில்லை. சேகர் தன் மடங்காத விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா? அந்த இரண்டாவது அறை முன்பு யாருடையது என்று. நீ சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் பதில் சொன்னாய். வண்டி எந்தத் தெருவில் போனது, எங்கே எவ்வளவு நேரம் நின்றது, எங்கே பிரேக் அடித்தது, எல்லாவற்றையும் அதில் எழுதிவைத்து வேறொரு கம்பெனிக்குக் கொடுப்பார்களாம். இந்தச் சிப்பில் ஒரே இடத்தில் எழுதி அழித்து எழுதி அழித்துக்கொண்டிருந்தால் அந்த இடம் தேய்ந்தே போய்விடும், அதனால்தான் அதற்கு அவ்வளவு பெரிய அறை என்றும் சொன்னாய். சேகர் எங்கே டீ குடித்தான் என்பதை எழுத இடம் இருக்கிறது, சேகர் கையைக் காப்பாற்ற இடம் இல்லை. இது யாருக்கு வேண்டும், எதற்கு வேண்டும், கேட்டாயா? கேட்டேன் என்றால் என்ன சொன்னார்கள்? நீ கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது மேனேஜர் அந்த அறையைத் திரும்பக் கேட்கிறார். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை, நீ ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டதை வைத்துச் சொல்கிறேன். பூஜைக்கு முன் எல்லா வண்டிக்கும் புதிய புரோகிராம் போகப் போகிறது, அதில் பழைய மாதிரியே அழித்து எழுதட்டும், எழுதி முடியும்வரை சாவியை நிறுத்தாதீர்கள் என்று திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்கிறார். படியில் நின்று நீ "ஸ்டிக்கரா சார்?" என்று கேட்டபோது உன் குரல் இறங்கியது. பூஜை அன்று வண்டிக்காரன் முதல் சந்தனத்தை எங்கே வைப்பான் என்று அவருக்குத் தெரியுமா? திரைக்குப் பக்கத்தில்தான். அந்த ஸ்டிக்கர்மேல்தான் குங்குமம் விழும். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில் சேகர் வண்டிக்கு மாலை எடுத்துக்கொடுத்துவிட்டுத்தான் உன் கம்பெனி பூஜைக்குப் போனாய்.

நீ என்ன கணக்குப் போடுகிறாய் என்று நான் சந்தேகப்படுவதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நெருங்குகிறது. மலரின் அப்பா பீரங்கித் தொழிற்சாலைக்காரர், குவார்ட்டர்ஸில் இருக்கிறவர். மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் நிலையான வேலை என்றுதான் பெண் கொடுக்கச் சம்மதித்தார். இப்போது போய் முறைத்துக்கொண்டால் வேலை போகும், வேலை போனால் இதுவும் போகும் என்று பயப்படுகிறாய். இங்கே மலரின் பேனா நின்றுவிட்டது. "இதையும் எழுதணுமா மாமா?" என்றாள். "எழுதும்மா. உன்னையும்தான் நான் நம்பல. அதையும் சேத்து எழுது" என்றேன். எழுதுகிறாள். வேலை இல்லாத பையனுக்குப் பெண் இல்லை என்று அவர்கள் சொன்னால் சொல்லட்டும். அவர்கள் சொன்னாலும் மலர் சொல்ல மாட்டாள். அந்த அவமானத்தை நான் தாங்கிக்கொள்வேன். பந்தல்காரனிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தெரியாது. அந்த போர்டை நான் பிரித்துப் பார்த்ததுகூட இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை மாட்டேன் என்று சொல். முடியாது, சரி என்றுதான் சொல்லப் போகிறாய் என்றால், பூஜை அன்று குமணன்சாவடிக்கு வா. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நிற்காதே. சேகர் வண்டியின் முன்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை உன் கையால் வை. உருண்டால் மறுபடி சரியாக வை. உள்ளே நான் உட்கார்ந்திருப்பேன். சாவியை நான் திருப்புகிறேன். உன் கைக்கு முன்னால் அந்தச் சாவியைத் திருப்ப எனக்குத் தைரியம் வருமா என்று எனக்கே சந்தேகம்தான். உனக்கு அங்கே கையை வைக்கத் தைரியம் இருந்தால், மேனேஜரிடம் தாராளமாகச் சரி என்று சொல்லிக்கொள்.

இவ்வளவுதான். மலர் முழுவதையும் படித்துக் காட்டினாள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. அவளை முத்தாபுதுப்பேட்டை ஸ்டாப்பில் பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன்.

இனி வருவது சேகர் கையெழுத்து. கோணலாக இருந்தால் காரணம் உனக்குத் தெரியும். மலர் போனதும் அவனை வரவழைத்து, ஒன்றும் சொல்லாமல், முதலிலிருந்து படி என்றேன். படித்தான். பெண் வீட்டைப் பற்றிய இடத்தில் நான் நிறுத்தச் சொன்னேன். மறுபடி படி என்றேன். அவர்கள் சொன்னால் சொல்லட்டும் என்பதற்கும் அந்த அவமானத்தை என்பதற்கும் நடுவில் ஒரு வரி இருக்கிறது. அவர்கள் சொன்னாலும் மலர் சொல்ல மாட்டாள் என்று. அதை நான் சொல்லவில்லை. அடுத்தவர் மனசுக்கு நான் எப்படி உத்தரவாதம் தருவேன்? அவளாக எழுதியிருக்கிறாள். எனக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் தாண்டிப் படித்திருக்கிறாள்.

"அந்த வரிய அடிச்சிடவா மாமே?" என்றான் சேகர்.

"வேணாம், இருக்கட்டும்" என்றேன்.

திங்கட்கிழமை பதில் சொல்லும்போது அந்த வரியையும் வைத்துக்கொண்டு சொல்.

உன் நைனா